பட்டின் நிறமும் பக்கத்து இருக்கையும்

மதுரையில் சித்ரா பௌர்ணமிக்கு முந்தின ராத்திரி யாரைப் பார்த்தாலும் ஒரே பேச்சுதான். "அழகரு இந்தத் தடவ என்ன பட்டு கட்டி வர்றாரு?" டீக்கடையில் கேட்பார்கள். ஷேர் ஆட்டோவில் முன்பின் தெரியாதவர்கள் கேட்பார்கள். ஒரு ஊரே ராத்திரி முழுக்கக் கண்விழித்து ஒரு நிறத்துக்காகக் காத்திருக்கிறது. எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், இன்னும் அலுக்கவில்லை.

வெளியூர் நண்பர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். மதுரையிலிருந்து இருபது கிலோமீட்டர் சொச்சத்தில் இருக்கிறது அழகர்கோவில். அங்கிருந்து கள்ளழகர் கண்டாங்கி கட்டி, கொண்டை போட்டு, வளைதடி ஏந்திக் கிளம்புவார். வாசலில் இருக்கும் பதினெட்டாம்படிக் கருப்பணசாமியிடம் சொல்லிக்கொண்டு, வழியெல்லாம் மண்டகப்படிகளில் நின்று நின்று வருவார். ஊர் எல்லையில் சனங்கள் எதிர்கொண்டு அழைப்பது எதிர்சேவை. தல்லாகுளம் பெருமாள் கோயிலில் வேடம் மாற்றி, ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்த ஆண்டாள் மாலையைச் சூடி, தங்கக் குதிரையில் ஏறி விடியற்காலையில் வைகைக்குள் இறங்குவார். அப்போது அவர் உடுத்தியிருக்கும் பட்டின் நிறம்தான் அந்த ஆண்டின் பலன். பெட்டிக்குள் பல நிறப் பட்டுகள் இருக்கும், பட்டர் பார்க்காமல் கையை விட்டு எடுப்பார், கையில் அகப்பட்டது எதுவோ அதுதான் அந்த வருஷத்துக்கு என்பார்கள். பச்சை வந்தால் மழை, விளைச்சல், செழிப்பு. சிவப்பு வந்தால் கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டிய வருஷம். மஞ்சள், வெள்ளைக்கெல்லாம் ஆளுக்கொரு பலன் சொல்வார்கள். பச்சையைப் பற்றி மட்டும் ஊருக்குள் இரண்டு கருத்து கிடையாது.

எனக்குப் பிடித்த நிறம் பச்சை. ஏன் என்று யாராவது கேட்டால் இவ்வளவையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

"உனக்குப் பிடிச்ச கலர் என்ன" என்பதைச் சின்னப் பிள்ளைகளிடம் கேட்கும் கேள்வி என்று நினைத்துவிடுகிறோம். பெரியவர்களிடம்தான் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. பதிலுக்குள் ஒரு ஆள் இருப்பார். நாம் யாருடைய கையைப் பிடித்துக்கொண்டு எந்தக் கூட்டத்துக்குள் நுழைந்தோம், யார் பக்கத்தில் உட்கார்ந்து ஜன்னல் வழியாக எதைப் பார்த்தோம், அதெல்லாம்தான் நாளடைவில் பிடித்த நிறமாகிவிடுகிறது. எனக்கு அந்த ஆள் என் பெரியம்மா.

பெரியம்மாவுக்கு வாடிப்பட்டிப் பக்கம் பெரியாறு கால்வாய்ப் பாசனத்தில் வயல். அவர் கல்யாணமாகி வந்த காலத்தில் மாட்டு வண்டி கட்டி வந்து ஆற்று மணலிலேயே சமைத்துச் சாப்பிட்டு, அழகரைப் பார்த்துவிட்டுத்தான் திரும்புவார்களாம். எனக்குத் தெரிந்தது டவுன் பஸ் காலம். நாடா கட்டிய செம்பு நிறையச் சர்க்கரை, அதன் மேல் வாழையிலை, இலையில் ஏற்றிய சூடம், இன்னொரு கையில் நான். கூட்டம் நெருக்கும்போது அவர் என் மணிக்கட்டைப் பிடிக்கிற பிடியில் வளையல் தடம் பதிந்துவிடும். கருப்பசாமி வேடம் போட்டவர்கள் தோல்பையிலிருந்து பீய்ச்சுகிற தண்ணீர் முகத்தில் அடிக்கும். எங்கேயோ தூரத்தில் குதிரையின் தலை தெரிந்ததும் பெரியம்மா குதிகாலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "பச்சடீ!" என்பார். அந்த ஒரு சொல்லில் அந்த வருஷத்து நாற்றங்கால், நடவு, அறுவடை, அக்காவின் கல்யாணச் செலவு எல்லாமே அடக்கம்.

ஒரு தடவை கேட்டேன். "பச்சைன்னா என்ன பெரியம்மா அர்த்தம்?"

"வயக்காட்ட நாம் பாத்துக்கிறேங்கிறாரு."

"செவப்புன்னா?"

"நீ பாத்துக்கன்றாரு."

இதற்கு மேல் விளக்கமான பதிலை எந்த உபன்யாசத்திலும் நான் கேட்டதில்லை. சிவப்பு வந்த வருஷம் பெரியம்மா விதைநெல் வாங்காமல் இருந்ததில்லை. வரப்பைக் கொஞ்சம் உயரமாக வெட்டச் சொல்வார், வைக்கோலைச் சீக்கிரம் படப்புப் போடச் சொல்வார், அவ்வளவுதான். ஒரு நிறம் பயத்தைக் கொடுப்பதற்குப் பதிலாக வேலையைக் கொடுத்தது. "நிஜமாவே நம்புறியா?" என்று என்னைக் கேட்கிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். நம்புகிறேன். பெரியம்மா நம்பின மாதிரி நம்புகிறேன்.

அழகரை இந்தச் சனங்கள் ஏன் இப்படிச் சொந்தக்காரரைப் போல நினைக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள விரும்பினால், தொ. பரமசிவனின் 'அழகர் கோயில்' ஆய்வு நூலைத் தேடிப் படியுங்கள். மதுரை காமராசர் பல்கலைக்கழகம் 1989இல் வெளியிட்டது. கல்வெட்டோடு நின்றுவிடாமல், வண்டி கட்டி வருகிறவர்களையும் வேடம் போடுகிறவர்களையும் கேட்டு எழுதிய புத்தகம். அதைப் படித்தபோது பெரியம்மாவை அச்சில் பார்ப்பது போல இருந்தது.

2020இலும் 2021இலும் அழகர் வைகைக்கு வரவில்லை. கொரோனா. 2020இல் மீனாட்சி திருக்கல்யாணத்தை இணையத்தில் காட்டினார்கள். எங்கள் தெருவில் பெண்கள் செல்போனை பூஜையறையில் சாய்த்து வைத்துவிட்டு, கோயிலுக்குள் தாலி கட்டுகிற நேரத்தில் இங்கே தாலிக்கயிறு மாற்றிக்கொண்டார்கள். அது நடந்துவிட்டது. ஆனால் ஆற்றை என்ன செய்வது? பெரியம்மா ஊரிலிருந்து போன் பண்ணி, "நெறமே தெரியாம வருசத்த எப்பிடித்தா ஆரம்பிக்கிறது?" என்று கேட்டார். நான் அன்று என் பச்சைச் சேலை ஒன்றை எடுத்துக் கட்டிக்கொண்டு அவருக்குப் போட்டோ அனுப்பினேன். "இது போதும், வெதைக்கச் சொல்லிர்றேன்" என்றார். 2022இல் அழகர் மறுபடி ஆற்றுக்கு வந்தபோது கூட்டத்தில் நின்றவர்கள் பாதிப்பேர் அழுதுகொண்டிருந்தார்கள்.

சரி, நிறங்களுக்கு வருவோம். ஜவுளிக்கடைக்குப் போகும்போது எனக்கு வருகிற உற்சாகம் பாதி சேலைக்காக, பாதி அங்கே காதில் விழுகிற பெயர்களுக்காக. மயில்கழுத்து, கிளிப்பச்சை, பாசிப்பச்சை, ராமர் பச்சை, மாந்துளிர், அரக்கு, வெங்காயத்தோல், கத்தரிப்பூ, காப்பிக்கொட்டை, மாம்பழ மஞ்சள். தோட்டமும் சமையலறையும் கோயிலும் சேர்ந்து வைத்த பெயர்கள். காஞ்சிபுரத்துப் பட்டில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்று எதிரும் புதிருமாகப் போட்டு நெய்வார்கள். கரையைத் தனி நாடாவில் நெய்து உடலோடு பின்னிச் சேர்க்கிற வேலைக்குக் கோர்வை என்று பெயர். அரக்கும் பச்சையும் அப்படிச் சேர்ந்து நிற்பதைப் பார்க்கும்போது, எந்த நிறத்துக்கும் தனியாக அழகு இல்லை, துணைக்கு வந்த நிறம்தான் அதைத் தூக்கிக் கொடுக்கிறது என்று தோன்றும்.

எம்.எஸ். நீலம் தெரியுமா? மதுரையில் பிறந்த எம்.எஸ். சுப்புலட்சுமிக்காகக் காஞ்சிபுரம் முத்துச் செட்டியார் நெய்து கொடுத்த ஆழ்ந்த நீலம். கச்சேரி மேடையில் பார்த்த பெண்கள் எல்லோரும் அதே வேண்டும் என்று கேட்டுக் கேட்டு, நிறத்துக்கே அவர் பெயர் நிலைத்துவிட்டது. இன்றைக்கும் கடையில் "எம்.எஸ். ப்ளூ காட்டுங்க" என்றால் பிரித்துப் போடுகிறார்கள். ஒருவருடைய பெயர் ஒரு நிறத்துக்கு நிலைத்துவிடுவதைவிடப் பெரிய விருது இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை.

பட்டெல்லாம் விசேஷத்துக்கு. அன்றாடத்துக்கு எங்கள் ஊர் சுங்குடி. துணியைச் சின்னச் சின்னதாகக் கிள்ளி நூலால் முடிச்சுப் போட்டு, சாயத்தில் முக்கி, காய்ந்ததும் இழுத்துப் பிரித்தால் முடிச்சு விழுந்த இடமெல்லாம் புள்ளியாகச் சிரிக்கும். சௌராஷ்டிரக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவருகிற வேலை. 2005இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. சித்திரை வெயிலில் மதுரையில் வேறு எதையும் உடம்பில் போட முடியாது. கையால் முடிந்த சுங்குடியில் இரண்டு புள்ளிகள் ஒரே அளவில் இருக்காது. அதனாலேயே எனக்கு அது உசத்தி.

என் வீட்டுக்காரருக்குச் சேலை நிறங்களில் அக்கறை கிடையாது. அரக்கிலிருந்து செங்கல் வரை எல்லாம் அவருக்குச் சிவப்புதான். ஆனால் அவரை ஒரு பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார வைத்து நிலக்கோட்டைப் பக்கம் கூட்டிப்போய்ப் பாருங்கள். "இது நட்டு இன்னும் பச்சை பிடிக்கல. அந்தா அது தூர் கட்டிருச்சு. அது பால் பிடிக்கிற பருவம், இன்னும் ஒரு மாசத்துல அறுத்துரலாம்" என்று சொல்லிக்கொண்டே வருவார். எனக்கு எல்லாம் ஒரே வயல்வெளியாகத் தெரிகிற இடத்தில் அவருக்கு எத்தனையோ பச்சைகள். கல்யாணமான புதிதில் அந்தப் பேச்சைக் கேட்டுத்தான் இவரோடு எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போகலாம் என்று முடிவு செய்தேன்.

பயணத் துணை என்றால் எனக்குச் சில எதிர்பார்ப்புகள் உண்டு. கூட வருகிறவர் வெளியே பார்க்க வேண்டும். வைகை எக்ஸ்பிரஸில் போகும்போது கொடைரோடு தாண்டியதும் சிறுமலை நீலமாக எழும்பி நிற்கும். திருச்சி தாண்டினால் காவிரி, அப்புறம் கொள்ளிடம், திரும்பிப் பார்த்தால் மலைக்கோட்டை. செங்கல்பட்டில் கொளவாய் ஏரி தண்டவாளத்தை ஒட்டிக் கூடவே வரும். 1977 சுதந்திர தினத்தன்று ஓடத் தொடங்கிய ரயில், இவ்வளவையும் பகலிலேயே காட்டிக் கூட்டிப்போகிறது. அதற்குள் உட்கார்ந்து திரைச்சீலையை இழுத்துவிட்டுக்கொள்கிறவரோடு எனக்கு ஒத்துவராது. அடுத்து, சாப்பாட்டைப் பகிர வேண்டும். எண்ணெய்யும் மிளகாய்ப் பொடியும் தடவி வாழையிலையில் கட்டிய இட்லியைத் தனியாகத் தின்பதில் என்ன ருசி இருக்கிறது? மற்றபடி பேசலாம், பேசாமலும் வரலாம்.

பெரியம்மா பேசுகிற ரகம். திண்டுக்கல் வருவதற்குள் எதிர் இருக்கைக்காரர் எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை, மகளுக்கு வரன் பார்க்கிறாரா என்பது வரைக்கும் தெரிந்துவிடும். விழுப்புரம் வருவதற்குள் அவர்கள் "அத்தை" என்று கூப்பிட ஆரம்பித்திருப்பார்கள். இறங்கும்போது பெரியம்மா தன் பைக்குள் கையை விட்டு அவர்கள் பிள்ளைகளுக்கு எதையாவது கொடுக்காமல் விடமாட்டார்.

அந்தப் பையைப் பற்றிச் சொல்ல வேண்டும். மஞ்சப்பை. யார் வீட்டுக் கல்யாணத்திலோ தாம்பூலத்தோடு கொடுத்தது. மணமக்கள் பெயர் துவைத்துத் துவைத்து மங்கிப்போயிருக்கும். ஒரு காலத்தில் மஞ்சப்பையோடு பட்டணத்தில் இறங்கினால் பட்டிக்காட்டு ஆள் என்று பார்த்தார்கள். சினிமாவிலும் அப்படியே காட்டினார்கள். 2021 டிசம்பரில் அரசாங்கமே 'மீண்டும் மஞ்சப்பை' என்று இயக்கம் தொடங்கி, பிளாஸ்டிக் பையை விட்டுவிட்டு இதை எடுங்கள் என்றது. காசு போட்டால் மஞ்சப்பை வருகிற இயந்திரத்தைச் சென்னையில் பார்த்துவிட்டு வந்து பெரியம்மாவிடம் சொன்னேன். "நாங்க அத எப்பத்தா விட்டோம், மீண்டும்ங்கிறதுக்கு?" என்றார்.

தமிழ்நாட்டு நெடுஞ்சாலையில் அடிக்கடி போகிறவர்களுக்குத் தெரியும், இங்கே மாதங்களுக்கும் நிறம் உண்டு. கார்த்திகை பிறந்தால் சாலை கறுப்பாகிவிடும், ஐயப்ப சாமிகள். மார்கழியிலும் தையிலும் மேல்மருவத்தூர் போகிற செவ்வாடைக்காரர்களின் பஸ்கள். தைப்பூசத்துக்குப் பழனிப் பாதையெல்லாம் பச்சை. மாசி, பங்குனியில் சமயபுரத்துக்கு மஞ்சள். ஆவணியில் வேளாங்கண்ணிக்குக் காவி. காலண்டர் பார்க்காமல், ரோட்டோரம் நடக்கிறவர்களின் துணியைப் பார்த்தே என்ன மாதம் என்று சொல்லிவிடலாம். இது எல்லா ஊரிலும் கிடைக்கிற காட்சி இல்லை. எனக்கு இதில் பெரிய பெருமை.

என் தம்பி மாலை போட்டுவிட்டால் வீடே மாறிவிடும். அவனை நாங்கள் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. சாமி. பெற்ற அம்மாவே, "சாமி, குளிச்சிட்டீங்களா? சாமி, சாப்பிட வாங்க" என்பார். தலையில் குட்டி வளர்த்த பிள்ளைக்கு ஒரு மண்டல காலம் இந்த மரியாதை. அவனும் பதிலுக்கு வீட்டில் எல்லோரையும் மரியாதையாக அழைப்பான், குரலை உயர்த்த மாட்டான், தட்டை அவனே கழுவி வைப்பான். அவனோடு மலைக்குப் போகிற குழுவில் முதலாளியும் லோடுமேனும் உண்டு. எல்லோருக்கும் ஒரே கறுப்பு வேட்டி, ஒரே பெயர். வழிநடத்துகிறவர் குருசாமி, முதல் தடவை போகிறவர் கன்னிசாமி. மற்ற வித்தியாசம் எதுவும் அங்கே செல்லாது. மாலையைக் கழற்றிய பிறகும் தம்பி அந்த லோடுமேனைத் தெருவில் பார்த்தால் "சாமி" என்றுதான் கூப்பிடுகிறான். சில நிறங்கள் துணியை மாற்றிய பிறகும் போவதில்லை.

நான் நடந்தது பழனிக்கு. மதுரையிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல். பெரியம்மாவும், கல்லூரிக் காலத்திலிருந்து கூடவே இருக்கும் என் தோழியும் வந்தார்கள். தோழி கிறிஸ்தவப் பெண். "ஒனக்கு எதுக்குடி இந்தக் கஷ்டம்?" என்று யாரோ கேட்டதற்கு, "இவ ஒத்தையில நடப்பாளா?" என்று திருப்பிக் கேட்டாள். அதோடு கேள்விகள் நின்றன.

பாதயாத்திரையில் மனிதர்களைத் தெரிந்துகொள்கிற மாதிரி வேறு எங்கும் முடியாது. முதல் நாள் எல்லோரும் அரோகரா போட்டுக்கொண்டு வேகமாக நடப்பார்கள். செம்பட்டிப் பக்கம் வரும்போது பாதத்தில் கொப்புளம் கிளம்பியிருக்கும். பேச்சு குறைந்துவிடும். அங்கேதான் துணை யாரென்று தெரியும். எங்கள் குழுவை நடத்தி வந்த பெரியவர் ஒரு முறை வைத்திருந்தார்: குழுவில் மெதுவாக நடக்கிறவர் யாரோ அவரை முன்னால் விடுவார். அவர் வேகம்தான் எல்லோருடைய வேகமும். இளவட்டங்களுக்கு முதலில் இது பொறுக்கவில்லை. ஒட்டன்சத்திரம் வருவதற்குள் அவர்களே பெரியம்மாவுக்குப் பின்னால் வரிசை கட்டிப் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தார்கள்.

ராத்திரி நடை தனி. லாரி வெளிச்சத்தில் தெரிய வேண்டும் என்பதற்காக முதுகில் மின்னும் பட்டை ஒட்டிவிடுகிறார்கள். முன்னால் நீளத்துக்கு ஒளிப்புள்ளிகள் அசைந்துகொண்டே போகும். வழியில் பந்தல் போட்டுச் சுக்குக்காப்பி கொடுக்கிறவர்கள், காலில் தைலம் தேய்த்துவிடுகிறவர்கள். ஒரு பந்தலில் தொப்பி போட்ட பாய் ஒருவர் மோர் ஊற்றிக்கொண்டிருந்தார். பெரியம்மா இரண்டு டம்ளர் குடித்துவிட்டு, "ஒங்க மகனுக்கு இந்த வருசம் நல்லது நடக்கும் பாருங்க" என்று வாழ்த்தினார். "எனக்கு மகதாம்மா." "அப்ப மகளுக்கு!" பந்தலே சிரித்தது.

மலை அடிவாரத்தில் ரோப் காருக்கும் இழுவை ரயிலுக்கும் வரிசை நின்றது. அவ்வளவு தூரம் நடந்த கால்களுக்கு அதில் ஏற மனம் வரவில்லை. படியேறினோம். மேலே தரிசனம் சில நொடிகள்தான். அந்தச் சில நொடியில் முருகனிடம் என்ன கேட்டாய் என்று தோழியைக் கேட்டேன். "நீ கேட்டத அவரு செய்யணும்னு கேட்டேன்" என்றாள்.

அவளுக்குப் பிடித்த நிறம் இளநீலம். மாதாவின் நிறம். சின்ன வயதில் அவள் அம்மா மாதா படத்துக்கு முன்னால் முழந்தாளிட்டு ஜெபமாலை சொல்லும்போது, படத்தில் இருந்த அந்த நீல முக்காட்டையே பார்த்துக்கொண்டிருப்பாளாம். ஆவணித் திருவிழாவுக்கு நான் அவளோடு வேளாங்கண்ணிக்குப் போவது வழக்கமாகிவிட்டது. ஆகஸ்ட் 29இல் கொடியேறும், செப்டம்பர் 8 மாதா பிறந்தநாள். தஞ்சாவூர் தாண்டியதுமே காவி உடுத்தியவர்கள் சின்னச் சப்பரத்தில் மாதாவை வைத்துத் தள்ளிக்கொண்டு "மரியே வாழ்க" என்று நடந்து வருவது தெரியும். பஸ்ஸுக்குள்ளிருந்து பார்க்கும்போது, முகத்தில் இருக்கும் களைப்பும் காலில் இருக்கும் கொப்புளமும் பழனிச் சாலையில் பார்த்ததுதான். துணியின் நிறம் மட்டும் வேறு.

வேளாங்கண்ணி மாதா சேலை கட்டியிருக்கிறார். எனக்கு அங்கே போனால் முதலில் கண் போவது அதற்குத்தான். பக்தர்கள் பட்டுச் சேலை கொண்டுவந்து காணிக்கையாகக் கொடுக்கிறார்கள். தோழி ஒரு வருஷம் நேர்ச்சைக்குச் சேலை எடுக்க என்னைத்தான் கூட்டிப்போனாள். நீலமா பச்சையா என்று நாங்கள் கடையில் விவாதித்துக்கொண்டிருந்தபோது கடைக்காரர், "யாருக்கும்மா, பொண்ணுக்கா?" என்றார். "அம்மாவுக்கு" என்றாள் இவள். கடைசியில் நீல உடல், பச்சைக் கரை.

நாகப்பட்டினத்துக்குத் தெற்கே வேளாங்கண்ணி என்றால் வடக்கே நாகூர். இவ்வளவு தூரம் வந்துவிட்டு ஆண்டவர் தர்காவுக்குப் போகாமல் திரும்பினால் பெரியம்மா கோபித்துக்கொள்வார். அவருக்கு நாகூரில் பழைய நேர்ச்சை ஒன்று உண்டு, என்னவென்று சொல்லமாட்டார். அங்கே இருக்கிற மினார்களில் மிக உயரமானது 131 அடி. கட்டிக்கொடுத்தவர் தஞ்சாவூர் மராத்திய மன்னர் பிரதாப சிங். புறாக்கள் அதைச் சுற்றிச் சுற்றி வரும். உள்ளே பச்சைப் போர்வை, சந்தன வாசனை. பெரியம்மா அந்தப் பச்சையைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பிக் கண்ணால் ஒரு சைகை காட்டினார், "பாத்தியா?" என்கிற மாதிரி. ஆற்றில் பார்த்த அதே சந்தோஷம்.

என் பக்தி எந்த ரகம் என்று எனக்குத் தெளிவாகத் தெரியும். சாமி முன்னால் நின்றால் எனக்குத் தோத்திரம் வராது. பெயர்கள்தான் வரும். அம்மா, தம்பி, வீட்டுக்காரர், பெரியம்மா, தோழி, தோழியின் அம்மா, எங்கள் குழுவை நடத்திய பெரியவர், மோர் கொடுத்த பாய், அவர் மகள், ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்த வரன் தேடும் தகப்பனார் என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும். அழகர் குதிரையில் கடந்துபோகிற நேரத்துக்குள் இத்தனை பெயரையும் சொல்லி முடிக்க வேண்டுமே என்று அவசரமாகச் சொல்வேன். பழனியிலும் வேளாங்கண்ணியிலும் நாகூரிலும் அதே பட்டியல்தான். என்னோடு வழியில் வந்தவர்களை ஒருவர் விடாமல் சொல்லிவிட்டால் என் பிரார்த்தனை முடிந்தது. எனக்கென்று தனியாகக் கேட்க அதற்குப் பிறகு ஒன்றும் மிச்சமிருப்பதில்லை.

இந்த ஆவணிக்கும் போகிறோம். பெரியம்மாவுக்கு இப்போது முழங்கால் ஒத்துழைப்பதில்லை. வீட்டுக்காரர் கார் எடுக்கலாம் என்றார். தம்பியும் அதையே சொன்னான், ஏசி இருக்கு, கால் நீட்டிக்கலாம், நினைத்த இடத்தில் நிறுத்தலாம் என்று. பெரியம்மா முழுக்கக் கேட்டுவிட்டு, "எல்லாஞ் சரி. எதுத்தாப்புல ஒக்காந்து வர யாரு இருக்கா?" என்றார். ஆகவே பஸ்தான். மூன்று பேர் சீட்டில் பெரியம்மா நடுவில், தோழி ஓரத்தில். போகும்போது ஜன்னல் எனக்கு என்று முடிவாகியிருக்கிறது. திரும்பும்போது தனக்கு வேண்டும் என்று தோழி இப்போதே சொல்லி வைத்துவிட்டாள்.